நூர்ஜஹான் விட்டுப்போன கடைசி வரி

அன்று விடிந்தும் விடியாமலும் இருக்கும்போது என் கைப்பேசியில் நூர்ஜஹானின் பெயர் வந்தது. அந்த நேரத்தில் அவள் கெலமங்கலத்தில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருக்க வேண்டும். எதற்குக் கூப்பிடுகிறாள் என்று நான் யோசிக்கவே இல்லை. முந்தின நாள் அவள் கம்ப்யூட்டரை மூடாமல் எழுந்து போயிருந்தாள். பதினோரு வருடத்தில் அதுதான் முதல் தடவை. அதைச் சொல்லி அவளைக் கிண்டல் செய்வதற்கு வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். எடுத்த எடுப்பிலேயே, "என்னம்மா நூரு, ஊருக்கெல்லாம் பாடம் நடத்திட்டு நீயே லாக் அவுட் பண்ணாம போயிட்ட? இனிமே உன் பேச்சை எவ கேப்பா?" என்றேன்.

"ஆன்ட்டி, நான் ஷபானா பேசறேன்" என்றாள் அவளுடைய மகள். "அம்மா மௌத்தாயிட்டாங்க ஆன்ட்டி. நேத்து மத்தியானம் நெஞ்சு எரியுதுன்னு வந்தாங்க. ஆஸ்பத்திரியில சேத்தோம். இப்பதான்…" நான் பேசியதை அந்தப் பெண் முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்திருக்கிறாள். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

தேன்கனிக்கோட்டையிலிருந்து கெலமங்கலம் போக எனக்கு ஒரே பஸ்தான். போய்ச் சேர்ந்தபோது குளிப்பாட்டி வெள்ளைத் துணி சுற்றியிருந்தார்கள். முகம் மட்டும் தெரிந்தது. எனக்கு அவளுடைய விரல்களைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. வேலையில் அளந்த பீஸ்களுக்கு நீல மார்க்கரில் எண் போட்டுப் போட்டு அவளுடைய வலது ஆள்காட்டி விரல் எப்போதும் நீலமாக இருக்கும். விரல்கள் துணிக்குள் இருந்தன. மதியத் தொழுகை முடிந்து அடக்கத்துக்கு ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். நாங்கள் பெண்கள் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம்.

அவளைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஓசூரில் எங்கள் தொழிற்சாலையில், மிஷினிலிருந்து வரும் பீஸ்களை அளந்து பார்க்கும் ஆய்வறையில் வேலை பார்த்த எல்லோருக்கும் அவளைத் தெரியும். ஆனால் ஒன்று. நானும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்ததே கிடையாது. அவள் காலை ஷிப்டு, நான் மதிய ஷிப்டு. மேசை ஒன்று, நாற்காலி ஒன்று, கம்ப்யூட்டர் ஒன்று. அவள் எழுந்தால் நான் உட்காருவேன். நடுவில் பத்து நிமிடம் கிடைக்கும். அந்தப் பத்து நிமிடத்தில் பிள்ளைகள் படிப்பு, என் மாமியார், ஓசூர் சந்தையில் அவள் வீட்டுக்காரர் போட்டிருந்த வெங்காய மண்டி எல்லாவற்றையும் பேசி முடித்தாக வேண்டும்.

பத்து நிமிடம் போதாது என்று அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். கம்ப்யூட்டரில் நாங்கள் அடிக்கும் அளவுப் பட்டியலின் கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருக்கும். மிஷினைப் பற்றி ஏதாவது இருந்தால் எழுதுவதற்கு. அதில் எனக்கு ஒரு வரி எழுதி வைத்துவிட்டுப் போவாள். "மூணாம் மிஷின் சத்தம் போடுது, பாத்துக்கோ." "டிராயர்ல பேரீச்சம்பழம் இருக்குது. நோன்பு எனக்குத்தான், நீ தின்னு." "நேத்து நீ அவங்கிட்ட பேசினது சரியில்ல. வாயக் கொஞ்சம் கட்டு." நான் உட்கார்ந்ததும் அவளுடைய பட்டியலைத் திறந்து அந்த வரியைத்தான் முதலில் படிப்பேன். மறுநாள் காலை வந்ததும் அவளே அதை அழித்துவிடுவாள், அறிக்கை மேலே போக வேண்டும் இல்லையா. அதனால் அவள் எனக்கு எழுதிய ஒரு வரிகூட இன்று எங்கேயும் இல்லை.

எங்கள் கம்ப்யூட்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மூன்று ஷிப்டு ஆட்களும் தொடுவதால் ஐ.டி. ஆட்கள் அதை ஒரு மாதிரி பூட்டி வைத்திருந்தார்கள். முதல் திரையில் எதை வைத்தாலும், ஒரு முறை அணைத்துப் போட்டால் எல்லாம் துடைத்த மாதிரி போய்விடும். டி டிரைவில் அவரவர் பெயரில் இருக்கும் ஃபோல்டரில் வைத்தால்தான் நிற்கும். பென் டிரைவ் சொருக முடியாது. ஷிப்டு மாறும்போது உட்காருகிறவர் அணைத்துப் போட்டுத்தான் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் மாடு மாதிரி அசை போட்டுக்கொண்டு நிற்கும்.

இது தெரியாமல் நான் சேர்ந்த முதல் வாரமே ஒரு நாள் வேலை முழுவதையும் முதல் திரையில் வைத்துவிட்டுப் போய்விட்டேன். அடுத்த நாள் வந்தால் ஒன்றும் இல்லை. அறிக்கை கேட்டு ஆபீசிலிருந்து ஆள் வந்து நிற்கிறான். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. நூர்ஜஹான் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியிருந்தாள். அவளும் என் வயதுதான், எனக்கு ஆறு மாதம் முன்னால் சேர்ந்தவள். அதுவரை இரண்டு வார்த்தைகூடப் பேசியதில்லை.

"கையால எழுதின தாளு இருக்குதா?" என்றாள்.

"கிழிச்சுப் போட்டுட்டேன்."

"பீஸ் இருக்குதா?"

"தட்டுல அப்படியே இருக்குது."

"பீஸ் இருந்தா எல்லாமே இருக்குதுன்னு அர்த்தம். ஒக்காரு, அளந்துடலாம்."

பையைக் கழற்றி வைத்தாள். அவள் அளந்து சொல்லச் சொல்ல நான் அடித்தேன். கம்பெனி பஸ் போய்விட்டது. கூட்டத்தோடு கூட்டமாக டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு ஊருக்குப் போயிருக்கிறாள். மறுநாள் நன்றி சொன்னதற்கு, "நன்றிய நீயே வெச்சுக்கோ, ஃபைல டி டிரைவ்ல வை" என்றாள்.

அவளிடம் இரண்டு சட்டங்கள் இருந்தன. ஆய்வறைக்கு வந்த யாரும் தப்பிக்க முடியாது. ஒன்று, "மூடித் திறந்து பாக்காம சேவ் ஆச்சுன்னு சொல்லாத." சேவ் செய்வாள், ஃபைலை மூடுவாள், மறுபடி திறந்து கடைசிக் கட்டம் வரைக்கும் பார்ப்பாள், அதற்குப் பிறகுதான் லாக் அவுட். வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை இழுத்துப் பார்க்கிறவர்கள் உண்டே, அந்த ரகம். நான் அவசரக்காரி. "நீ திறந்து மூடறதுக்குள்ள எனக்கு வயசாயிடும்" என்பேன். "ஆகட்டும், அப்பவாவது நிதானம் வருதான்னு பாப்போம்" என்பாள்.

இரண்டாவது சட்டம், அடுத்தவர் ஃபைலைப் பற்றியது. ஒரு முறை யாரோ நூர்ஜஹானின் பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டு மூடும்போது, மாற்றத்தைச் சேமிக்கட்டுமா என்று அது கேட்க, சரி என்று தட்டிவிட்டார்கள். நடுவில் முழங்கை பட்டு ஒரு எண் மாறியிருந்தது. நல்ல சரக்கு மூன்று நாள், கழித்த சரக்கைப் போடும் சிவப்புப் பெட்டியில் கிடந்தது. அன்றையிலிருந்து, "உன்னுது இல்லாத ஃபைல மூடறப்ப கேட்டா, வேண்டாம்னு சொல்லு. எது கேட்டாலும் வேண்டாம்தான்" என்று எல்லோருக்கும் சொல்லி வைத்தாள். நாங்கள் அப்படியே பழகினோம். எனக்கெல்லாம் விரல் தானாகவே வேண்டாம் மேல் போய் நிற்கும்.

இரவு ஷிப்டுக்கு ஆள் வராத ஒரு நாள், என் சொந்த மெயிலை அந்தக் கம்ப்யூட்டரிலேயே திறந்து வைத்துவிட்டு நான் வீட்டுக்குப் போனதும் உண்டு. அன்று ஒரு சூப்பர்வைசரைப் பற்றிப் புகார் எழுதி, அனுப்பலாமா வேண்டாமா என்று பாதியில் வைத்திருந்தேன். அந்த ஆள் கண்ணில் பட்டிருந்தால் என் வேலை போயிருக்கும். பஸ்ஸில் ஞாபகம் வந்து, மறுநாள் மதியம் ஓடிப் போனேன். நூர்ஜஹான் நாற்காலியை விட்டு எழுந்துகொண்டே, "உன் வீட்டுக் கதவு தெறந்து கெடந்துச்சு. சாத்திட்டேன்" என்றாள்.

"படிச்சியா?" என்று கேட்டேன்.

"தெறந்து கெடக்குதுன்னு அடுத்தவங்க வூட்டுக்குள்ள போவாங்களா?" என்றாள். படித்தாளா இல்லையா என்று எனக்கு இன்றும் தெரியாது. ஒரு மாதம் கழித்து அந்த சூப்பர்வைசர் எதிரில் வந்தபோது என் கையைப் பிடித்து வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். படித்திருக்கத்தான் வேண்டும்.

எங்கள் பக்கம் சாலையில் யானைக்கூட்டம் நின்றுவிட்டால் பஸ் நின்ற இடத்திலேயே நிற்கும். அந்த நாட்களில் எனக்காக நாற்காலியில் காத்திருப்பாள். ஒரு நாள் முக்கால் மணி நேரம் தாமதம். ஓடி வந்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாள். சண்டைதான் என்று நினைத்துக்கொண்டு பட்டியலைத் திறந்தால் குறிப்பில், "யானை உன்ன விட பொறுமைசாலி. டப்பால பிரியாணி இருக்குது, ஆறிப்போச்சு, அதுக்கு நீதான் காரணம்" என்று எழுதியிருந்தாள். ஆறின பிரியாணியைச் சிரித்துக்கொண்டே தின்றேன்.

இனி அந்தக் கடைசி நாளைச் சொல்ல வேண்டும்.

நாங்கள் அனுப்பிய புஷ் சரக்கில், அதாவது தண்டு நுழைகிற குட்டி உலோக வளையங்களில், ஒரு பெட்டி திரும்பி வந்திருந்தது. துளை சின்னதாக இருக்கிறது, தண்டு உள்ளே போகவில்லை என்று புகார். அந்த மிஷினில் நின்றவர் மஞ்சுநாத். மாநில எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தினமும் வருகிற கன்னடக்காரர், நாற்பதைத் தாண்டியவர், இரண்டு பெண் பிள்ளைகளுக்குத் தகப்பன், கான்ட்ராக்ட் ஆள். துளைக்குள் விட்டு அளவு பார்க்கும் கேஜைப் போட்டுப் பார்க்காமலே சரக்கை விட்டுவிட்டார் என்று மேலே முடிவு செய்துவிட்டார்கள். மறுப்பதற்கு ஏதாவது இருந்தால் சனிக்கிழமைக்குள் ஆய்வறையிலிருந்து வர வேண்டும். வராவிட்டால் திங்கட்கிழமை அவருக்கு கேட்டில் அட்டை வேலை செய்யாது. இதெல்லாம் எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். காலை ஷிப்டு விஷயம் என்று இருந்துவிட்டேன்.

வியாழக்கிழமை நான் இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் முன்னால் போனேன். நாற்காலி காலியாக இருந்தது. நெஞ்சு எரிகிறது என்று அரை மணி முன்னால் கிளம்பிவிட்டாள் என்றார்கள். வெறும் வயிற்றில் டீ குடித்திருப்பாள், கேஸ் என்று நினைத்தேன். மேசையில் பாதி டீ ஆறிக் கிடந்தது. திரையில் அவளுடைய பட்டியல் திறந்தபடியே இருந்தது. "மகராசி இன்னைக்கு மாட்டினா" என்று எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. மூடினேன். மாற்றத்தைச் சேமிக்கட்டுமா என்று கேட்டது. அவள் எப்போதோ சேமித்திருப்பாள், அவளாவது சேமிக்காமல் இருப்பதாவது. அவள் சொல்லிக் கொடுத்தபடி வேண்டாம் என்றேன். வழக்கம்போல அணைத்துப் போட்டேன். அன்று அந்தக் கடைசி வரியைக்கூடப் படிக்கவில்லை. நாளைக்கு நேரிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

வெள்ளிக்கிழமை அடக்கம். சனிக்கிழமை மதியம் நான் வேலைக்குப் போனபோது மஞ்சுநாத் வேலை முடிந்தும் போகாமல் ஆய்வறை வாசலில் நின்றிருந்தார்.

"அக்கா, நூர் அக்கா எல்லாம் டைப் பண்ணியாச்சுன்னு சொன்னாங்க. கௌரி வந்ததும் சொல்லிட்டுத்தான் போவேன், பயப்படாதேன்னு சொன்னாங்க. நீங்க பாத்தீங்களா?"

"என்ன டைப் பண்ணினா?"

"சரியா கொத்தில்லக்கா, தெரியல. கேஜ் தேஞ்சு போயிருக்குதாம். என் தப்பு இல்லன்னு காலையிலேர்ந்து அளந்துக்கினே இருந்தாங்க."

டி டிரைவில் அவள் ஃபோல்டரைத் திறந்தேன். வியாழக்கிழமை பட்டியல் இல்லை. எல்லா ஃபோல்டரிலும் தேடினேன். ஐ.டி. தம்பியைக் கூப்பிட்டேன். அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "வியாழக்கிழமை டி டிரைவ் நெறஞ்சு போயிருந்துச்சுங்க, எதையும் எடுத்துக்கல. சாயங்காலம்தான் சரி பண்ணினேன். அதுவரைக்கும் முன்னாடி திரையிலதான் வெச்சிருப்பாங்க. நீங்க அணைச்சுப் போட்டீங்களா?"

போட்டேன். வேறு யார் போட்டிருப்பார்கள்? நெஞ்சு வலியோடு ஒருத்தி காலை முழுக்க உட்கார்ந்து செய்த வேலையை, அவள் சொல்லிக் கொடுத்த பாடத்தை வைத்தே இரண்டு தட்டில் துடைத்துவிட்டேன். அப்போது எனக்கு வந்தது துக்கம் இல்லை, அவள் மேல் கோபம். ஒரு துண்டுச் சீட்டு எழுதி ஒட்டிவிட்டுப் போயிருக்கக் கூடாதா என்று மனதுக்குள் அவளைத் திட்டினேன். எழுதித்தான் வைத்திருப்பாள், வழக்கமாக எழுதுகிற இடத்தில், என்று உடனே தோன்றியது. கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன்.

மேலாளர் நல்லவர்தான். "கம்ப்யூட்டர்ல பிரச்சனைன்னு எழுதிக் குடுத்துடுங்கம்மா, முடிஞ்சுது. உங்களை யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். கேட்க மாட்டார்கள், உண்மை. அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றி என்ன சொன்னாலும் எல்லோரும் நம்புவார்கள். மஞ்சுநாத் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்.

"கம்ப்யூட்டர் ஒண்ணும் பண்ணல சார். நான்தான் அழிச்சேன். பாக்காம அணைச்சுப் போட்டது நான்" என்றேன். "ஷிப்டு முடியறதுக்குள்ள குடுத்துடறேன். அதுவரைக்கும் அவர் பேர்ல எதுவும் எழுதாதீங்க."

"எதை வெச்சுக் குடுப்பீங்க?"

"பீஸ் இருக்குது சார்" என்றேன். என் வாயிலிருந்து வந்தது அவள் பேச்சுதான்.

இருந்தது. அவள் டிராயரைத் திறந்தால் தேய்ந்த கேஜ் அவளுடைய கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தது. கீழே தட்டில் புஷ்கள் வரிசையாக, ஒவ்வொன்றிலும் அவள் நீல மார்க்கரில் போட்ட எண். கேஜ் தேய்ந்து மெலிந்துவிட்டால் துளை சின்னதாக இருந்தாலும் உள்ளே போய்விடும், சரி என்று காட்டிவிடும். மஞ்சுநாத் கேஜ் போட்டுத்தான் பார்த்திருக்கிறார். கொடுத்த கேஜ் பொய் சொல்லியிருக்கிறது. அதைத்தான் நூர்ஜஹான் எண் போட்டு அளந்திருக்கிறாள். நான் ஒன்றிலிருந்து தொடங்கினேன். மஞ்சுநாத் எடுத்துக் கொடுத்தார், நான் அளந்தேன், அளந்து அடித்தேன். ஒவ்வொரு புஷ்ஷாகத் துடைக்கும்போது நீல மை என் விரலிலும் ஒட்டியது. கேஜையும் நான்கு இடத்தில் அளந்து போட்டேன். சந்தேகத்துக்கு இடமே இல்லை.

அளந்தவர் என்ற இடத்தில், முதலில் நூர்ஜஹான், மறுபடி கௌரி என்று இரண்டு பெயரும் போட்டேன். மேலாளர் பார்த்துவிட்டு, "இறந்தவங்க பேரை எப்படிம்மா போடறது?" என்றார்.

"அளந்தப்ப உசுரோடதான் சார் இருந்தாங்க" என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை காலை மஞ்சுநாத்துக்குக் கேட் திறந்தது. அவர் போய் நூர்ஜஹானின் வீட்டில் அரை நாள் உட்கார்ந்துவிட்டு வந்தார் என்று ஷபானா சொன்னாள்.

அவள் இடத்துக்கு இன்னொரு பெண் வந்திருக்கிறாள், நல்ல பெண், எழும்போது மூடித் திறந்து பார்க்கிறாள். நானும் பார்க்கிறேன். இந்த அவசரக்காரிக்கு அந்த நிதானம் வந்துவிட்டது, அதைப் பார்க்கத்தான் அவள் இல்லை. அவளுடைய கைக்குட்டையை ஷபானாவிடம் கொடுக்க எடுத்துப் போனேன். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் ஆன்ட்டி என்று சொல்லிவிட்டாள். அது என் டிராயரில் இருக்கிறது.

வியாழக்கிழமை அவள் எனக்கு என்ன எழுதினாள் என்று மட்டும் இனி எப்போதும் தெரியப்போவதில்லை. அணைக்காதே என்றுதான் எழுதியிருப்பாள் என்கிறார்கள் ஆய்வறையில். இருக்கலாம். நெஞ்சு வலிக்குது கௌரி என்றும் எழுதியிருக்கலாம். டப்பாவில் ஏதோ இருக்கிறது, தின்னு என்றும் எழுதியிருக்கலாம். சனிக்கிழமை நான் மறுபடி அடித்த பட்டியலின் கடைசியிலும் குறிப்பு என்ற கட்டம் வந்தது. கை அதில் போய் நின்றது. என்ன எழுதினாலும் அது என் வரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். டி டிரைவில், அவள் பெயர் போட்ட ஃபோல்டரில் சேமித்தேன். மூடினேன். திறந்தேன். அளவுகள் எல்லாம் இருந்தன, அவள் பெயர் இருந்தது. கட்டம் காலியாகவே இருந்தது.